சாந்தாமணியின் வண்டிக்கு எட்டுக் கைகள்

செப்டம்பர் 8, திங்கள்

வீட்டில் கட்டிய வண்டிகளுக்கான ஓட்டம் நவம்பர் ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை என்று தாள் வந்துவிட்டது. எந்தப் பாகத்தை எந்த முறையில் பற்ற வைத்தோம், எப்படிச் சோதித்தோம் என்று தேதி போட்டு எழுதி வைக்க வேண்டுமாம். சாந்தாமணிதான் படித்துச் சொன்னாள். ஆகவே எழுதுகிறேன். ஓட்டம் நடத்துகிறவர்களுக்குக் கொடுக்கப்போவது இதைப் பார்த்து எழுதிய நல்ல பிரதி. இது என் பாட்டுக்கு எழுதுவது.

பெயர் மருதாசலம். வயது ஐம்பத்து நான்கு. ஊர் கோயமுத்தூர், கணபதி. பம்ப் கம்பெனியில் முப்பது வருஷமாக வெல்டர். போன மாசம் ஸ்டோருக்கு மாற்றினார்கள். அனுபவசாலி உட்கார்ந்து வேலை பார்க்கட்டும் என்ற மரியாதை.

ஓட்டப்போவது நான் இல்லை, என் மனைவி சாந்தாமணி. பத்தொன்பது வருஷமாகப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். ஸ்பீடு கவர்னர் போட்ட வேன், நாற்பதுக்கு மேல் முக்கினாலும் போகாது. கல்யாணமான புதிதில் அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "ஆரும் குறுக்க வராத ரோட்டுல ஒருக்கா முழுசா மிதிச்சுப் பாக்கோணுங்க." நகை கேட்டிருந்தால் எப்போதோ முடிந்திருக்கும்.

சட்டம் கட்டியாகிவிட்டது. பழைய சின்னக் கார் ஒன்றின் இன்ஜினும் உட்கார்ந்துவிட்டது. மிச்சம் எட்டுக் கைகள். ஒவ்வொரு சக்கரத்தையும் மேலே ஒன்று கீழே ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும் இரும்புக் குழாய்க் கைகள். பட்டறையில் ஆர்ம் என்போம். இரண்டு குழாய்கள் வந்து ஒரு முனையில் சேரும். அந்த முனையில் பற்று விட்டால் சக்கரம் ஒரு பக்கம் போகும், வண்டி ஒரு பக்கம் போகும். உள்ளே சாந்தாமணி இருப்பாள். அதனால் எந்த முறையில் பற்ற வைப்பது என்பதை அவசரப்படாமல் முடிவு செய்ய வேண்டும்.

இந்த வருஷ டைரியில் கோடுகளை வெளிற வெளிற அச்சடித்திருக்கிறார்கள். மைக்குப் பஞ்சம் போலிருக்கிறது. பெட்டிகளில் நம்பர் போடும் மார்க்கரால் எழுதுகிறேன். பக்கங்கள் சீக்கிரம் தீர்கின்றன.

செப்டம்பர் 9, செவ்வாய்

மழை. ஷெட்டில் ஒழுகுகிறது. வாளி வைத்தேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

கமாலுதீன் பாய் வந்தான். உக்கடத்தில் பால் குளிர வைக்கும் எவர்சில்வர் தொட்டிகள் செய்கிறவன். ஐ.டி.ஐ.யில் என் பெஞ்சில் உட்கார்ந்தவன். அவனுக்கு உலகத்தில் ஒரே ஒரு வெல்டிங்தான் உண்டு, அது டிக்.

"மருது, இதுல யோசிக்க என்னடா இருக்கு? ரெண்டரை மில்லி பைப்பு. டிக்ல அடிச்சா உருகறது கண்ணுக்கு முன்னாடி தெரியும். எவ்வளவு உருகணும்னு நீ சொல்ற, அது கேக்குது."

"உன்னாட்டம் வெண்ணெய் தடவிட்டு உக்காந்திருக்க எனக்கு நேரமில்லடா."

"நான் வேணா அடிச்சுத் தாரேன். ரெண்டு ஞாயித்துக்கெழமை போதும்."

வேண்டாம் என்றேன். என் பெண்டாட்டி உட்காரும் வண்டியை இன்னொருவன் பற்ற வைப்பதா? சாந்தாமணி டீ கொண்டுவந்தாள். பேச்சு அவள் காதில் விழுந்ததோ என்னவோ, டம்ளரை என் கையில் வைத்து, நான் பிடித்துக்கொண்ட பிறகுதான் விட்டாள். இப்போதெல்லாம் அப்படித்தான் கொடுக்கிறாள். வயசாக ஆகப் பாசம் கூடுகிறது.

நான்கு வழிகள் இருக்கின்றன. ஒன்று, ராடு வைத்து அடிக்கும் ஆர்க். நல்ல ராடை அடுப்பில் சூடாக்கி ஈரம் போக்கி அடித்தால் இரும்பும் இரும்பும் ஒன்றாகிவிடும், ஆனால் மெல்லிய குழாயில் ஓட்டை விழும். இரண்டு, கேஸ் நெருப்பில் பித்தளை. பழைய சைக்கிள் சட்டங்கள் அப்படித்தான் செய்தார்கள். இரும்பு உருகாது, பித்தளை இடுக்கில் ஊறிப் பிடித்துக்கொள்ளும். பார்க்க அழகு. மூன்று, பாயின் டிக். வலது கையில் தீ, இடது கையில் கம்பி, மூக்குக்கு அருகில் உருகும் குளம். நான்கு, மிக். துப்பாக்கியை அழுத்தினால் கம்பி தானே வரும், ஒரு கை போதும், வேகமாக முடியும். எங்கள் ஷெட்டில் இருப்பது மிக் மெஷினும் ஆர்க் மெஷினும். டிக்கை பாயிடம் இரவல் வாங்கலாம்.

செப்டம்பர் 16, செவ்வாய்

காலையில் வாசலில் நின்றேன். மருதமலைப் பக்கம் முழுக்கப் பால் கலந்த வெளிச்சம். மலை இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. எதிர்வீட்டுச் சுவர், வேப்பமரம், மாடியில் காயும் துணி எல்லாம் விளிம்பு கரைந்து ஒன்றுக்குள் ஒன்று போய்க்கொண்டிருந்தன. உலகம் இவ்வளவு மெத்தென்று இருக்கும் என்று முப்பது வயதில் எனக்குத் தெரியாது. சின்ன வயதில் எல்லாவற்றையும் வெட்டு வெட்டாகப் பார்த்துவிட்டேன்.

சாந்தாமணியிடம், "இன்னிக்கு நெம்ப மூடுபனி" என்றேன். வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவள் திரும்பி மலைப் பக்கம் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "ஆமாங்க" என்றாள்.

செப்டம்பர் 21, ஞாயிறு

சோதனை நாள். ஒரே அளவில் நான்கு ஜோடித் துண்டுகள் வெட்டி, நான்கு முறையிலும் பற்ற வைத்தேன். காலை ஒன்பது மணி வெயில் கதவு வழியாக நேராக மேசையில் விழும், அந்த நேரத்திலேயே செய்தேன். பாய் டிக் மெஷினோடும் கேஸ் சிலிண்டரோடும் வந்திருந்தான்.

டிக் மட்டும் இன்றைக்கு எனக்கு ஒத்துவரவில்லை. ஊசி முனையை இரும்பில் முட்டி முட்டிக் கெடுத்தேன். ஆறு தடவை தீட்ட வேண்டியதாயிற்று. பாயின் ஹெல்மெட் கண்ணாடி சரியில்லை, கறுப்பு அதிகம். அவன் வாங்கிப் போட்டுப் பார்த்து, "நல்லாத்தானடா இருக்கு" என்றான். அவன் கண்ணுக்கு எல்லாமே நல்லாத்தான் இருக்கும். கடைசியில் டிக் துண்டை அவனே அடித்தான்.

பிறகு ஒவ்வொன்றையும் வைஸில் பிடித்து, நீளக் குழாயைச் செருகி, நானும் பாயும் தொங்கி வளைத்தோம். ஆர்க் துண்டு விளிம்பில் கிழிந்தது, அங்கே குழாயை உருக்கி மெலிய வைத்திருக்கிறேன். பித்தளைத் துண்டு நன்றாகத் தாங்கியது, ஆனால் பித்தளை ஒன்றுக்குள் ஒன்று செருகிக் கட்டிய மூட்டுக்குத்தான் லாயக்கு, நம் மூட்டு முட்டி நிற்கும் மூட்டு என்றான் பாய். சரிதான். அவன் செய்த டிக் துண்டு குழாயே வளைந்து மடங்கியும் மூட்டில் ஒரு கீறல் இல்லை. என் மிக் துண்டும் அப்படியே. அதைத்தான் முக்கியமாக எழுத வேண்டும். என் மிக் துண்டும் அப்படியே.

செப்டம்பர் 24, புதன்

முடிவு: மிக்.

காரணத்தை இரண்டு நாளாக யோசித்து ஒழுங்குபடுத்தினேன். டிக்கில் பார்வை ஒன்றுதான் துணை. மிக்கில் காது இருக்கிறது. சரியான கரண்டும் சரியான கம்பி வேகமும் சேர்ந்தால் எண்ணெயில் வடை பொரியும் சத்தம் வரும். அந்தச் சத்தம் மாறினால் கை தானே திருத்திக்கொள்ளும். முப்பது வருஷம் கேட்ட சத்தம். கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன்.

பாய்க்குப் போன் செய்து சொன்னேன். "மிக்குல மேல அழகா உக்காந்துட்டு உள்ள புடிக்காம ஏமாத்தும்டா. கோட்டை விட்டு ஒரு நூல் தள்ளுனாப் போதும்" என்றான். தெரியாததைச் சொன்னது போல.

மதியம் ஸ்டோரில் சாய்ந்தபடி கொஞ்சம் தூங்கினேன். கனவில் அந்தப் பொரியும் சத்தம் மட்டும் கேட்டது. எங்கோ உயரத்தில், யாரோ வானத்தையும் வானத்தையும் சேர்த்துப் பற்ற வைக்கிறார்கள். நான் கீழே படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். எழுந்தபோது மனசு நிறைந்திருந்தது.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. ஷெட்டைக் கழுவி, மெஷின், கட்டிங் சக்கரம், சுத்தியல், வைஸ் எல்லாம் துடைத்து வரிசையாக வைத்தோம். வேனுக்கும் வண்டிக்கும் வாழைக்கன்று, மாலை. எட்டு ஆர்முக்கும் வெட்டிவைத்த குழாய்களை, அளவு மாறாமல் பிடித்துக்கொள்ளும் ஜிக் பலகையில் கோத்து வைத்திருந்தேன். சாந்தாமணி ஒவ்வொரு மூட்டிலும் குனிந்து சந்தனம் வைத்து நடுவில் குங்குமம் வைத்தாள்.

"மூட்டுல வெச்சா நாளைக்குத் தொடைக்கோணும் அம்மணி, நடுக் கொழாயில வெய்யி" என்றேன்.

"புடிச்சு நிக்கப்போறது மூட்டுதானுங்க? அதுக்குத்தான் சாமி வேணும்."

பொரி, சுண்டல், பூசணிக்காய். இன்றைக்கு எந்தக் கருவியையும் தொடக்கூடாது. வெட்டியாக இருந்தேன், சுகமாக இருந்தது.

அக்டோபர் 2, வியாழன்

லீவு. விஜயதசமி, தொடங்க நல்ல நாள். தின்னரில் துணி நனைத்து எல்லா மூட்டையும் துடைத்துவிட்டு ஆரம்பித்தேன். மூன்றாவது ஆர்மில் வடைச் சத்தத்துக்கு நடுவே படபடவென்று வெடித்தது. கூடவே ஒரு வாசனை. சந்தனம். ஷெட் முழுக்கக் கோயில் கருவறை வாசனை. ஹெல்மெட்டுக்குள் மூச்சை இழுத்து இழுத்து வைத்துக்கொண்டேன். வெல்டிங் செய்யும்போது இப்படி ஒரு வாசனை உலகத்தில் எவனுக்காவது கிடைத்திருக்குமா?

சாந்தாமணி வாசலில் வந்து நின்றாள். சூடு ஆறியதும் குனிந்து பார்த்தாள்.

"ஏனுங்க, பொட்டைத் தொடைக்காமயேவா பத்த வெச்சீங்க?"

"தொடைச்சேனே."

"இதா, இந்தப் பக்கம் குங்குமம் கருகிக் கெடக்குது. இதுலயும். வெல்டெல்லாம் குண்டூசி ஓட்டையா இருக்குது."

"வேணும்னுதான் வுட்டேன். சாமி உள்ளயே இருக்கட்டும்னு."

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. என் முகத்துக்கு நேராக வந்து நின்று, கையில் இருந்த துணியால் என் நெற்றி வியர்வையைத் துடைத்தாள். அவள் முகம் பக்கத்தில், வெயில் பின்னால் இருக்க, ஓரமெல்லாம் ஒளியாக இருந்தது. கல்யாணத்தன்று பார்த்தது போலவே இருந்தாள், ஒரு சுருக்கம் கிடையாது. அதைச் சொன்னேன். அதற்கும் அவள் சிரிக்கவில்லை.

அந்த ஆர்மை கிரைண்டரில் தேய்த்து மறுபடி அடித்தேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

எட்டும் முடிந்தது. சோதனைக்கென்று ஒன்பதாவதும் ஒன்று. அதை ஒரு நாள் அறுத்துப் பார்க்க வேண்டும், தாளில் கேட்டிருக்கிறார்கள். அவசரமில்லை.

அக்டோபர் 8, புதன்

ஓட்டத்துக்கான விண்ணப்பம். சாந்தாமணி நிரப்பினாள். பிறகு என்னிடம் நீட்டி, "இந்தக் கட்டத்துல என்ன கேக்கறாங்கன்னு பாருங்க, எனக்குப் புரியல" என்றாள். பன்னிரண்டாவது வரை படித்தவளுக்குப் புரியாததா எனக்குப் புரியப்போகிறது?

"நீ படி. உன்ற கொரல்ல கேட்டாத்தான் எனக்குப் புரியும்."

படித்தாள். இரத்த வகை கேட்டிருந்தார்கள்.

அக்டோபர் 13, திங்கள்

எட்டு ஆர்மையும் பெயின்ட் அடிக்கக் கொடுக்கிறேன் என்று சாந்தாமணி வேனில் ஏற்றிக்கொண்டாள். பிள்ளைகளை இறக்கிவிட்டு அந்தப் பக்கமாகப் போவாளாம். பாய்க்கு ஏதோ அளவு பார்க்க வேண்டும் என்று ஜிக் பலகையையும் எடுத்துக்கொண்டாள். நானே அடித்திருப்பேன், ஆனால் அவளுக்கு ஆசை என்றால் சரி.

அக்டோபர் 15, புதன்

ஆர்முக்கு வாங்கிய சீம்லெஸ் குழாய் முழுசாக ஐந்து மிச்சம் இருந்தது. இப்போது ஒன்றுதான் இருக்கிறது. முதலிலேயே தப்பாக எண்ணியிருப்பேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. பொழுது சாயும் நேரத்தில் மாடிக்குப் போனோம். இந்த வருஷ வெடிகளை என்னவென்று எழுதுவது! ஒவ்வொரு பொறியும் ஒரு பெரிய பூவாக விரிந்து, பூவைச் சுற்றி ஏழு நிறத்தில் வளையம், வளையங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வானம் முழுக்கப் பரவி நின்றன. தெருவிளக்குக்கு வளையம், ஆட்டோ விளக்குக்கு வளையம். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சாந்தாமணி வெடியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது பக்கவாட்டில் தெரிந்தது.

"கைப்பிடிச் சுவத்துல எத்தனை வெளக்கு வெச்சிருக்கேன், சொல்லுங்க பாக்கலாம்."

"நல்ல நாளும் அதுவுமா கணக்குப் பரீட்சை வெக்கறயா?"

"சும்மா சொல்லுங்க."

"வேண்டிய அளவுக்கு வெச்சிருக்கற."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். படி நான் கட்டியது, கண்ணைக் கட்டிவிட்டாலும் இறங்குவேன். ஆனாலும் கையை எடுக்கவில்லை.

அக்டோபர் 27, திங்கள்

ஆர்ம் எட்டும் வந்துவிட்டன. கரேலென்று பெயின்ட். ஓரமாகச் சாய்த்து வைத்திருக்கிறாள். நான் தொடவில்லை, பெயின்ட் முழுக்கக் காயட்டும்.

நவம்பர் 2, ஞாயிறு

மாட்டும் வேலையை அவளும் பாயும் செய்தார்கள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து எந்த நட்டுக்கு எவ்வளவு முறுக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பாய் வழக்கத்துக்கு மாறாக ஒரு கிண்டலும் செய்யவில்லை. நான்கு சக்கரமும் தரையில் நின்றபோது வண்டி லேசாகக் குலுங்கி உட்கார்ந்தது. முதல்முறை எழுந்து நின்ற கன்றுக்குட்டி போல இருந்தது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, பெயின்ட் வாசனைதான்.

சாந்தாமணி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, ஸ்டியரிங்கில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். ரொம்ப நேரம் அப்படியே இருந்தாள்.

நவம்பர் 6, வியாழன்

லீவு போட்டேன். சாந்தாமணி வேனுக்குப் போன பிறகு ஒன்பதாவது ஆர்மை அறுத்தேன். தாளில் எழுத வேண்டுமே.

முறை: முனையைக் குறுக்கே அறுத்து, முகத்தை உப்புத்தாளில் தேய்த்து, நகைப் பட்டறையில் வாங்கிய திராவகத்தைத் தண்ணீரில் கலந்து தடவ வேண்டும். உருகிச் சேர்ந்த இடம் தனி நிறமாகத் தெரியும். தெரியவில்லை. திராவகம் பழசாக இருக்கும்.

ஆகவே தொட்டுப் பார்த்தேன். விரலில் நூல் போல ஒரு இடுக்கு இடறியது. சவர பிளேடை உடைத்து அதன் மூலையை அங்கே வைத்தேன். உள்ளே போனது. பாதிச் சுற்றுக்கு மேல் போனது. உருகிய இரும்பு ஒரு குழாயின் மேலேயே முழுக்க உட்கார்ந்திருக்கிறது. அடுத்த குழாயின் விளிம்பில் நான் அரம் போட்ட கோடுகள்கூட அப்படியே இருக்கின்றன. ஒவ்வொன்றாக நகத்தில் எண்ண முடிகிறது.

இது ஒன்பதாவது. கடைசியில் செய்தது, கை களைத்திருக்கும். மற்ற எட்டும் அப்படி இருக்க வேண்டியதில்லை.

துண்டுகளைப் பழைய இரும்பு மூட்டையின் அடியில் போட்டேன். மதியம் சாப்பிடவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

காலையில் இட்லி வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, எங்கிட்டச் சொல்றதுக்கு ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"பெட்ரோல் போடோணும்."

சாயங்காலம் மறுபடி கேட்டாள். "வண்டி எல்லாம் சரியா இருக்குதுங்களா?"

"செரியா இருக்குது."

மார்க்கரில் மை தீர்ந்துகொண்டு வருகிறது.

நவம்பர் 8, சனி

மதியம் கனவு. பந்தயத் தடம் தண்ணீர் மேல் போட்டிருந்தது. சாந்தாமணி சத்தமே இல்லாமல் ஓட்டினாள். முன் சக்கரம் ஒன்று மெதுவாகக் கழன்று, புறா போல மேலே போனது. பிறகு இன்னொன்று. அவள் என்னைப் பார்த்துக் கையசைத்தாள். நான்கும் போன பிறகும் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. நானும் கையசைத்தேன். எழுந்தபோது சட்டை முழுக்க நனைந்திருந்தது.

"நாளைக்குப் போறமுங்களா?" என்று கேட்டாள். இது எத்தனையாவது தடவை என்று தெரியவில்லை.

போறோம் என்றேன். இத்தனை வருஷத்தில் அவள் கேட்டது இது ஒன்றுதான்.

நவம்பர் 9, ஞாயிறு

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

ஊருக்கு வெளியே பந்தயத் தடம். அங்கே போக வேனில் நானும் அவளும், பாயின் டெம்போவில் வண்டி. பதினான்கு வண்டிகள் வந்திருந்தன. வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு தம்பி ஆர்மைத் தட்டிப் பார்த்து, "என்ன முறைங்க சார்?" என்றான். நான் வாய் திறப்பதற்குள் பாய் என்னைத் தள்ளிக்கொண்டு வந்து ஏதோ சொன்னான். ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

சாந்தாமணி சுடிதாருக்கு மேல் அந்தக் கனமான உடையைப் போட்டுக்கொண்டாள். ஹெல்மெட். உட்கார்ந்தாள். தோள் பட்டை இரண்டு, இடுப்புப் பட்டை இரண்டு. ஒவ்வொன்றும் மாட்டும்போது கிளிக் என்று சத்தம். நான் பக்கத்தில் நின்று அந்தச் சத்தத்தை எண்ணினேன். ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவது கேட்டதும் வண்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"சாந்தா, எறங்கு."

"ஏனுங்க?"

"வேண்டாம். எறங்கு."

"காரணம் சொல்லுங்க."

"வெல்டு செரியில்ல. ஒம்பதாவதை அறுத்துப் பாத்தேன், பிளேடு உள்ள போகுது. எட்டும் அப்புடித்தான் இருக்கும். எனக்குக் கண்ணு தெரியறதில்ல சாந்தா. ரெண்டு வருசமாச்சு. மூட்டுக் கோடே தெரியாம, சத்தத்தை வெச்சு அடிச்சுட்டேன். சந்தனம்கூடத் தெரியல. வேணும்னு வுட்டது பொய்யி." நிறுத்த முடியவில்லை. "எங்கப்பனுக்குக் கண்ணு ஆபரேசன் பண்ணிக் கட்டுப் பிரிச்ச அன்னிக்கு, வெளக்கைப் போடுங்கடான்னு கேட்டாரு. பகல் பதினோரு மணி. அந்தப் பயத்துல ஆருகிட்டயும் சொல்லல."

அவள் கண்ணாடித் தடுப்பை மேலே தூக்கினாள். முகம் எனக்குத் தெரியவில்லை. மூச்சு மட்டும் கேட்டது.

"குனிஞ்சு, கீழ இருக்கற ஆர்மைத் தொட்டுப் பாருங்க."

"எதுக்கு?"

"பாருங்க."

தொட்டேன். முனை மூட்டைச் சுற்றி விரலை ஓட்டினேன். பெயின்டுக்கு அடியில் சின்னச் சின்ன செதில்கள், ஒரே அகலம், ஒரே உயரம், ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து சுற்றிலும் போனது. என் ஆயுளில் நான் அப்படி அடித்தது இல்லை. இந்த ஊரில் அப்படி அடிக்கிறவன் ஒருவன்தான், அவன் இரண்டடி தள்ளி நின்று வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான்.

"டிக்கு" என்றேன்.

"ஆமாங்க. எட்டும் பாய் அண்ணன் புதுசாப் பண்ணுனது. மேக்கொண்டு ஒண்ணு பண்ணி, அறுத்தும் பாத்துட்டாரு. பொட்டு வெந்த அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சு போச்சு. மூட்டைக்கு அடியில நீங்க ஒளிச்சு வெச்ச துண்டையும் பாத்துட்டேன்."

"அப்பறம் ஏஞ் சொல்லல?"

"நீங்க சொல்றீங்களான்னு பாத்தேன். வெள்ளிக்கெழமை கேட்டேன். நேத்துக் கேட்டேன். பெல்ட்டு நாலும் மாட்டற வரைக்கும் பாத்தேன்."

"நான் சொல்லாமயே இருந்திருந்தா?"

"ஓட்டியிருப்பேன். வண்டி நல்லாத்தான இருக்குது. ஓட்டி முடிச்சுட்டு அப்புடியே உடுமலைக்கு, எங்கண்ணன் ஊட்டுக்குப் போயிருப்பேன். பை வேன்ல இருக்குது." தோள் பட்டையை இன்னும் இறுக்கினாள். "கண்ணு போனா என்னங்க, நான் பாத்துக்க மாட்டனா? சாகற வெல்டுன்னு தெரிஞ்சும் வாயைத் தொறக்காம ஏத்தி வுடற மனுசங்கூட நான் எப்புடிங்க இருக்கறது?"

 அவள் கையைப் பிடித்தேன்.  கொடி காட்டுகிறவன் கூப்பிட்டான்.

"தள்ளி நில்லுங்க" என்றாள். "நான் ஒருக்கா முழுசா மிதிக்கோணும்."

ஐந்து சுற்று. எனக்குத் தெரிந்தது ஒரு சிவப்புக் கறை, பாலில் விழுந்து பரவி ஓடுகிற கறை. ஆனால் காது இருக்கிறதே. நீளமான நேர் பாதையில் அவள் கியர் மாற்றியதும், பிறகு மிதியிலிருந்து காலை எடுக்கவே எடுக்காததும், இன்ஜின் மேலே மேலே போய் ஒரே ராகமாக நின்றதும் எல்லாம் கேட்டது. பாய் என் தோளில் கை போட்டுக்கொண்டான். "நூத்திப் பதினெட்டுடா" என்றான். நான் ஊரே பார்க்க அழுதேன். சந்தோஷத்தில் பாதி, வெட்கத்தில் பாதி.

பதினான்கு பேரில் பதினொன்றாவதாக வந்தாள்.

திரும்பி வரும்போது அவள் ஓட்ட, நான் பக்கத்தில். நாற்பதில் வந்தோம். 

நவம்பர் 10, திங்கள்

கண் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். வியாழக்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். பயம் அப்படியே இருக்கிறது. அதையும் அவளிடம் சொன்னேன். "ம்" என்றாள்.

ஓட்டம் நடத்துகிறவர்களுக்குக் கொடுக்கும் பிரதியில் "டிக். செய்தவர் கமாலுதீன்" என்று அவளை எழுதச் சொன்னேன்.

வேனின் கடைசி சீட்டுக்கு அடியிலிருந்து பையை நான்தான் இறக்கினேன். இரண்டு நாள் கோபத்துக்கு எடுத்து வைத்த துணியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஜிப் சரியாக மூடவில்லை, கையை விட்டேன். சேலைகள் ஏழோ எட்டோ. வேன் ஆர்.சி. புத்தகம், அவள் பாஸ்புக், பி.பி. மாத்திரை அட்டைகள். எல்லாவற்றுக்கும் அடியில் கம்பளி கையில் பட்டது. மார்கழிக் குளிருக்குப் போடுகிற அவள் ஸ்வெட்டர்.

"நெம்ப கனமா இருக்குதுங்களா?" என்று சமையலறையிலிருந்து கேட்டாள்.

ஆமாம் என்றேன்.